லேத் கேரேஜ் சீராக நகரவில்லையா? எதையும் கழற்றும் முன் கோடுகளை அளந்து பாருங்கள்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய இரண்டாவது வாரத்தில், மண்டபத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த வல்லக்காரர் (சிறிய நாட்டுப்படகு வைத்திருப்பவர்) ஒருவர் தம் எஞ்சினின் தண்ணீர் பம்பு ஷாப்டைக் கடைந்து தரச் சொல்லி வந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களும் விசைப்படகுகள் கரையேறி நிற்பதால், ராமேசுவரத்திலும் பாம்பனிலும் இருக்கிற லேத் பட்டறைகளில் அவற்றின் வேலையே குவிந்துகிடக்கும்; வல்லத்தின் சின்னச் சாமானுக்கு அங்கே முறை வராது. அதனால்தான் பொழுதுபோக்குக்காக வீட்டில் சிறிய லேத் வைத்திருக்கும் என்னைத் தேடி வந்தார். கடைந்து கொடுத்ததை வெயிலில் திருப்பிப் பார்த்தவர், "கச்சான் அடிச்ச மணல் மாதிரி வரி வரியா இருக்கே சார்" என்றார். கச்சான் என்பது எங்கள் பக்கத்து மேல்காற்று; அவர் சொன்னது சரிதான். மைக்ரோமீட்டரில் விட்டம் எங்கும் ஒன்றாகவே காட்டியது. ஆனால் நகத்தை வைத்து நீளவாக்கில் இழுத்தால் நெருக்கமும் நெகிழ்வுமாக மாறி மாறித் தட்டுப்பட்டது. ஆயில் சீல் உட்காரும் இடத்தில் இப்படி இருந்தால் சீலின் உதடு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அந்த ஷாப்டை வைத்துக்கொண்டு பத்து நாட்கள் நான் தேடியதையும், அதற்கு முன்னும் பின்னும் இதே லேத்தில் பட்டதையும் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். பழக்கமில்லாதவர்களுக்கு: பெட் என்பது லேத்தின் நீளமான அடிப்பாதை. அதன் இடக்கோடியில் ஹெட்ஸ்டாக், அதற்குள் சுற்றும் தண்டு ஸ்பிண்டில், அதன் முனையில் கடையும் பொருளை (ஜாப்) பிடிக்கும் சக்; வலக்கோடியில் டெயில்ஸ்டாக். டூலைச் சுமந்து பெட்டின் மேல் நகர்வது கேரேஜ், அதன் முன்பக்கப் பெட்டி ஏப்ரன், அது தானாக நகர்வது ஃபீட். கேரேஜை நகர்த்தும் நீண்ட மரைத்தண்டு லீட் ஸ்க்ரூ; அதைக் கவ்விப் பிடிக்கும் இரு பாதி நட்டு ஹாஃப் நட். என்னுடையது மேசை மேல் வைக்கும் வகை. லீட் ஸ்க்ரூவின் பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) 1.5 மி.மீ.; மரை வெட்டுவதற்கும் சாதாரண ஃபீடுக்கும் அதே ஸ்க்ரூவும் அதே ஹாஃப் நட்டும்தான். தனி ஃபீட் ராடு உள்ள பெரிய லேத்துகளைப் பற்றிக் கடைசியில் சிறிது சொல்கிறேன்.

இது ஃபீட் கோளாறுதானா?

ஜாப்பில் கோடு தெரிந்தவுடன் கேரேஜைக் குற்றம் சொல்லிவிட முடியாது. மழுங்கிய டூலும், உயரம் தவறிய டூலும், ஹெட்ஸ்டாக் பேரிங்கின் ஆட்டமும் கோடு போடக்கூடியவை. டூல் அதிர்ந்து பதியும் கோடுகள் நெருக்கமாக இருக்கும். கடையும்போதே கிரீச்சென்ற சத்தம் காதில் விழும். சந்தேகம் தீர ஒரு எளிய சோதனை உண்டு. கேரேஜைப் பெட்டோடு இறுக்கிப் பூட்டிவிட்டு, மேலேயுள்ள காம்பவுண்ட் ஸ்லைடைப் பெட்டுக்கு இணையாக வைத்து, அதன் கைப்பிடியை மெதுவாகவும் நிறுத்தாமலும் திருகி, அதே ஜாப்பில் 30 மி.மீ. நீளம் கடைந்து பாருங்கள். அந்தப் பகுதி மட்டும் சுத்தமாக வந்தால் கோளாறு கேரேஜ் ஓட்டத்தில் இருக்கிறது; அங்கேயும் கோடு விழுந்தால் டூலையோ ஸ்பிண்டிலையோ பாருங்கள்.

மின்சாரத்தின் மேல் பழி போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாலையில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் முனகுவது உண்மைதான். ஆனால் கியர் வழியாக ஸ்பிண்டிலோடு இணைந்த ஃபீடில், ஸ்பிண்டில் மெதுவாகச் சுற்றினால் கேரேஜும் அதே விகிதத்தில் மெதுவாக நகரும். ஒரு சுற்றுக்கு நகரும் தூரம் மாறாது. மோட்டாரின் பெல்ட் வழுக்கினாலும் இதே கணக்குதான். ஃபீடுக்கென்று தனியாக ஒரு சிறு பெல்ட்டோ, தனி ஸ்டெப்பர் மோட்டாரோ பொருத்தப்பட்ட லேத்துகளில் மட்டும் இந்த வாதம் செல்லாது.

கோடுகளை அளக்கும் முறை

பத்து நாட்களில் முதல் நான்கு நாட்களை நான் வீணாக்கியது, இதைச் செய்யாமல் ஸ்பானரைக் கையில் எடுத்ததால்தான். கேரேஜின் ஓட்டத்தில் சேர்ந்து சுற்றுகிற ஒவ்வொரு உறுப்புக்கும், அது ஒரு முறை சுற்றும்போது கேரேஜ் இவ்வளவு நகரும் என்று ஒரு நிலையான தூரம் இருக்கிறது. எந்த உறுப்பில் குறை இருக்கிறதோ, அதன் தூரமே ஜாப்பில் பட்டையின் இடைவெளியாகப் பதியும். ஆகவே இடைவெளியை அளந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

25 மி.மீ. மைல்டு ஸ்டீல் கம்பியில், நன்றாகத் தீட்டிய டூலால், 0.25 மி.மீ. ஆழத்தில், இருப்பதிலேயே குறைந்த ஃபீடில், 100 மி.மீ. நீளத்தை இடையில் நிறுத்தாமல் கடையுங்கள். கம்பியை லேத்தில் இருந்து கழற்றாமல் அதன் மேல் மார்க்கர் பேனாவால் மை பூசி, தட்டையான அரத்தின் மேல் சுற்றிய மிக மெல்லிய எமரி தாளால் ஒரே ஒரு முறை வருடுங்கள். மேடுகளில் மை போய்ப் பளிச்சென்று தெரியும். பள்ளங்களில் மை தங்கும். ஒரு பட்டையை மட்டும் அளந்தால் கண் ஏமாற்றும். பத்துப் பட்டைகளின் நீளத்தை வெர்னியரில் சேர்த்து அளந்து பத்தால் வகுக்க வேண்டும். என் கம்பியில் பத்துப் பட்டைகள் சரியாக 15 மி.மீ. வந்தன. அங்குலக் கணக்கில் அங்குலத்துக்கு 16 மரை உள்ள லீட் ஸ்க்ரூவாக இருந்திருந்தால் 15.9 மி.மீ. வந்திருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கியர் மூடியைத் திறந்து, ஒவ்வொரு கியரிலும் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, சக்கைக் கையால் சுற்றி, எந்தக் கியர் ஒரு முழுச் சுற்று வரும்போது கேரேஜ் எவ்வளவு நகர்கிறது என்று உங்கள் லேத்துக்கு நீங்களே ஒரு கணக்கு எழுதிக்கொள்ளுங்கள். என் லேத்தில் 20-80, 20-80 என்று கியர் மாட்டியிருக்கும்போது லீட் ஸ்க்ரூவின் ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ., நடுவிலுள்ள இரட்டைக் கியரின் ஒரு சுற்றுக்கு 0.375 மி.மீ., ஸ்பிண்டிலின் ஒரு சுற்றுக்கு 0.094 மி.மீ. ஸ்பிண்டில் பக்கத்துக் கியரில் குறை இருந்தால் அது தனிப் பட்டையாகத் தெரியாது. ஜாப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதுபோல் தெரியும். இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். கியரை மாற்றினால் கணக்கும் மாறும் என்பதை மறக்கக் கூடாது.

அறிகுறி: லீட் ஸ்க்ரூவின் பிட்ச் அளவுக்கே பட்டைகள் விழுகின்றன

என் ஷாப்டில் வந்தது இதுதான். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஸ்க்ரூ சுற்றும்போது முன்னும் பின்னுமாக அசைகிறது, ஸ்க்ரூ வளைந்திருக்கிறது, அல்லது ஸ்க்ரூவின் நுனியில் மாட்டிய கியர் மையம் தப்பிச் சுற்றுகிறது. மூன்றையும் பிரித்தறிய டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) ஒன்று போதும்.

முதலில் முன்பின் அசைவு. லீட் ஸ்க்ரூவின் டெயில்ஸ்டாக் பக்க நுனியில் மையக்குழி இருக்கும். அதில் ஒரு சொட்டு கிரீஸ் வைத்து, பழைய பேரிங்கிலிருந்து எடுத்த ஒரு குண்டை ஒட்டவைத்து, டயல் கேஜின் முனை அந்தக் குண்டின் மேல் நேராகப் படும்படி காந்தப் பீடத்தைப் பெட்டில் நிறுத்துங்கள். நுனி சொரசொரப்பாக இருந்தாலும் குண்டின் மேல் அளவு பிசகாது. ஹாஃப் நட்டைப் பூட்டி, கேரேஜ் ஹெட்ஸ்டாக்கை நோக்கி நகரும் திசையில் சக்கைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே முள்ளைக் கவனியுங்கள். எனக்கு ஒவ்வொரு ஸ்க்ரூ சுற்றுக்கும் முள் 0.06 மி.மீ. போய்த் திரும்பியது. ஒரு சுற்றில் கேரேஜ் 1.5 மி.மீ. சீராக நகர வேண்டிய இடத்தில், அரைச் சுற்றில் 0.06 கூடவும் அடுத்த அரைச் சுற்றில் 0.06 குறையவும் நகர்ந்தால், 16 ஸ்பிண்டில் சுற்றுகளுக்கு ஒரு முறை டூலின் கோடுகள் நெருங்கியும் விலகியும் விழத்தானே செய்யும். விட்டம் மாறாமல் வரி மட்டும் விழுந்ததன் காரணம் இதுவே.

ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் காலரை (தடித்த வளையத்தை) ஒட்டி அழுத்தத்தைத் தாங்கும் வாஷர், தகட்டில் அடித்தெடுத்த சாதாரண வாஷர் என்று தெரிந்தது. அதன் ஒரு விளிம்பு அடிவாங்கிக் கிண்ணம் போல் குழிந்திருந்தது. மறுபக்கத்தில் துரு தின்ற புள்ளிகள். சுற்றும் காலர் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேட்டில் ஏறி இறங்கியிருக்கிறது. கன்மெட்டல் (செம்புக் கலவை) துண்டு ஒன்றில் புதிய வாஷர் கடைந்து, இரண்டு முகங்களும் இணையாக இருக்கும்படி கண்ணாடி மேல் வைத்த எமரி தாளில் தேய்த்து மாட்டினேன். (அந்த வாஷரைக் கடைந்தது இதே லேத்தில்தான், முகத்தைக் கடைய கேரேஜ் ஓட வேண்டியதில்லை.) பிறகு நுனியிலுள்ள இரட்டை நட்டை, ஸ்க்ரூ விரலால் தடையின்றிச் சுற்றும் அளவுக்கு, ஆட்டம் 0.02 மி.மீ.க்குள் இருக்கும்படி இறுக்கினேன். முள் அசைவு 0.01க்குக் கீழே வந்துவிட்டது. நட்டை மேலும் இறுக்கினால் இன்னும் நல்லது என்று எண்ணக் கூடாது. ஸ்க்ரூ பிடித்துப் பிடித்துச் சுற்றத் தொடங்கினால் அது வேறொரு அறிகுறியாக முளைக்கும்.

ஸ்க்ரூ வளைவுக்கு அடையாளம் வேறு. பட்டை ஹெட்ஸ்டாக் அருகிலும் டெயில்ஸ்டாக் கோடியிலும் அழுத்தமாகவும் நடுவில் மங்கலாகவும் இருக்கும். ஏனென்றால் நடுவில் ஸ்க்ரூ வளைந்துகொடுக்கும், பேரிங்குக்கு அருகில் வளைந்துகொடுக்க முடியாமல் கேரேஜையே தள்ளும். கேரேஜுக்கு அடியிலுள்ள பிடிப்புத் தகடுகளும் தளர்ந்திருந்தால் கேரேஜ் லேசாகத் தூக்கப்பட்டு விட்டத்திலும் வித்தியாசம் வரும். ஹாஃப் நட்டைத் திறந்துவிட்டு, ஸ்க்ரூவின் வெளி விட்டத்தில் நடுப்பகுதியில் டயலை வைத்துச் சுற்றினால் வளைவு தெரிந்துவிடும். 0.1 மி.மீ. வரை நான் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மேல் என்றால் கழற்றி, இரண்டு வி பிளாக்குகளில் வைத்து, மேடான பக்கத்தைச் சிறிது சிறிதாக அழுத்தி நிமிர்த்த வேண்டும். சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும்.

ஸ்க்ரூ நேராக இருந்தும், ஹாஃப் நட்டைப் பூட்டும் அந்தக் கணத்தில் ஸ்க்ரூ மேலேயோ பக்கவாட்டிலோ நகர்ந்தால், பேரிங் தாங்கிகள் நட்டோடு நேர்க்கோட்டில் இல்லை என்று பொருள். கேரேஜை ஒரு கோடிக்குக் கொண்டுபோய், அந்தக் கோடியின் தாங்கித் திருகுகளைத் தளர்த்தி, ஹாஃப் நட்டைப் பூட்டி, ஸ்க்ரூ தானாக எங்கே நிற்கிறதோ அங்கேயே தாங்கியை இறுக்குங்கள். மறு கோடியிலும் அப்படியே.

அறிகுறி: பிட்சைவிட நெருக்கமான, ஒழுங்கான பட்டைகள்

உங்கள் கணக்கில் எந்தக் கியரின் தூரத்தோடு பொருந்துகிறது என்று பாருங்கள். என் லேத்தில் 0.375 வந்தால் நடுக் கியர். சிறிய லேத்துகளில் பிளாஸ்டிக் கியர் வருவது சகஜம். கடைசல் சுருளின் ஒரு துணுக்கு பல்லின் அடியில் பதிந்துவிட்டால் வெளியே தெரியாது, ஊசியால் கிளறினால்தான் வரும். உடைந்த பல் இருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கியர்கள் ஒன்றோடொன்று மிக இறுக்கமாகப் பொருந்தியிருந்தாலும் ஒவ்வொரு பல்லும் மோதும். இரண்டு கியர்களுக்கு நடுவே செய்தித்தாளின் ஒரு கீற்றைச் செருகி, ஒன்றையொன்று அழுத்திப் பிடித்து போல்ட்டை இறுக்கிவிட்டு, கையால் சுற்றிக் கீற்றை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வந்தால் இடைவெளி சரி.

அறிகுறி: ஜாப் எதுவானாலும், பெட்டின் ஒரே இடத்தில் கேரேஜ் தயங்குகிறது

இது சுற்றும் உறுப்பின் குறையல்ல, இடத்தின் குறை. ஹாஃப் நட்டைத் திறந்துவிட்டுக் கைச்சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே விரலால் சுற்றிப் பாருங்கள். விரலுக்குத் தெரிகிற தடை எங்கே என்று பெட்டில் குறியிடுங்கள். முதலில் குறிக்கு நேராக ரேக்கில் (கைச்சக்கரத்தின் சிறு கியரான பினியன் பிடித்து ஓடும் பற்சட்டம்) தேடுங்கள்; அங்குள்ள பல்லில் சுருளோ மணலோ அடைந்திருக்கலாம். லீட் ஸ்க்ரூவில் ஓடும்போதும் கைச்சக்கரத்தின் பினியன் ரேக்கில் சுற்றிக்கொண்டேதான் இருப்பதால், அடைப்பின் மேல் ஏறும்போது கேரேஜ் துள்ளும். மாட்யூல் 1 (பல் அளவைக் குறிக்கும் எண்) ரேக்கில் இரண்டு மூன்று பற்களில் அடைப்பு இருந்தால், 3.14 மி.மீ. இடைவெளியில் இரண்டு மூன்று துள்ளல்கள் மட்டும் வந்து நின்றுவிடும். ரேக் கீழ்நோக்கி இருப்பதால் நாம் குனிந்து பார்ப்பதே இல்லை. சின்னக் கண்ணாடியையும் பழைய பல் தேய்க்கும் பிரஷையும் வைத்துச் சுத்தம் செய்துவிடலாம்.

ரேக் சுத்தமாக இருந்தும் ஹெட்ஸ்டாக் பக்கம் தளர்வாகவும் டெயில்ஸ்டாக் பக்கம் இறுக்கமாகவும் ஓடினால், பெட் தேய்ந்திருக்கிறது. அதிகம் உழைக்கும் இடம் சக்குக்கு அருகிலுள்ள ஒரு சாண் தூரம்தான். அந்த இடத்தில் ஆட்டத்தைப் போக்க அடித் தகடுகளை இறுக்கினால், தேயாத கோடியில் கேரேஜ் சிக்கிக்கொள்ளும். எப்போதும் இறுக்கமான கோடியில் வைத்தே தகட்டைச் சரிசெய்து, தேய்ந்த இடத்தில் மிஞ்சும் சிறு ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் நடைமுறை.

அறிகுறி: ஒழுங்கே இல்லாமல், நின்று நின்று துள்ளி நகர்கிறது

பட்டைகளை அளந்தால் ஒன்று 2 மி.மீ., அடுத்தது 5, அதற்கடுத்தது 3 என்று வரும். இது உராய்வு. கேரேஜ் பெட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்க்ரூ தள்ளத் தள்ள, இருக்கிற நெகிழ்வெல்லாம் முறுக்கேறி, சட்டென்று விடுபட்டுத் துள்ளுகிறது. கடற்கரையில் லேத் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதன்மையான நோய். ஆண்டுக்கு இரண்டு முறையாவது எனக்கு வரும். உலோக அரிமானத்தைச் சோதிக்கக் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகம் மண்டபத்தில் ஒரு மையம் அமைத்ததற்குக் காரணம் எங்கள் காற்றுதான். அதே காற்றில்தான் நாம் இரும்புப் பெட்டைத் திறந்துபோட்டு வைத்திருக்கிறோம்.

துரு கண்ணுக்குத் தெரிந்தால் எல்லோரும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எண்ணெய் பூசுவோம். பதினைந்தே நாளில் மீண்டும் பழுப்புக் கறை வரும். உப்பு மண்ணெண்ணெயில் கரையாது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. துருவைத் துடைத்தோம், ஆனால் உப்பை அப்படியே பெட்டின் நுண்துளைகளில் விட்டுவிட்டு அதன் மேல் எண்ணெயை மூடினோம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். இங்கே இரவில் அதைத் தாண்டாத நாள் அரிது. ஆகவே முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, ஹேர் டிரையரால் சூடுகாட்டி ஈரத்தை ஓட்டிவிட்டு, அதன்பின் மண்ணெண்ணெய், அதன்பின் எண்ணெய் என்று செய்ய வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீர். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் துடைப்பதும் துடைக்காமல் விடுவதும் ஒன்று.

எண்ணெயைப் பொறுத்தவரை, சறுக்குப் பாதைகளுக்கென்று விற்கும் 68 கிரேடு எண்ணெய் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். இந்தத் துள்ளலைத் தடுக்கவே அதில் சேர்மானம் உண்டு. பெட்டில் கிரீஸ் பூசுவதை நான் கண்டிப்பாக மறுப்பேன். கச்சான் காலத்தில் ஜன்னலைச் சாத்தினாலும் பொடிமணல் உள்ளே வரும்; கிரீஸும் மணலும் சேர்ந்தால் பெட்டுக்கு நாமே சாணை பிடித்ததாகும். படகு எஞ்சினிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலும் வேண்டாம். அதில் கரியும் அமிலமும் இருக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.

கேரேஜின் இரு முனைகளிலும் உள்ள துடைப்பான் ஃபெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். என்னுடையது ஒரு முறை மரக்கட்டை போல் இறுகி, உள்ளே மணல் மினுமினுத்தது. புது ஃபெல்ட் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து மாட்டியபின் துள்ளல் பாதியாகக் குறைந்தது.

இன்னொரு காரணம் பெட்டின் முறுக்கு. மணற்பாங்கான தரையில் போட்ட சிமென்டுத் தளம் ஒரு மூலையில் இறங்கினால், அதன் மேலுள்ள மேசையும், மேசையோடு போல்ட் போட்ட லேத்தும் முறுகும். நான்கு போல்ட்டுகளையும் தளர்த்திவிட்டுக் கேரேஜை நகர்த்துங்கள். அப்போது இலகுவாக ஓடினால், எந்தக் காலில் இடைவெளி தெரிகிறதோ அங்கே தகடு கொடுத்து இறுக்குங்கள்.

அறிகுறி: சற்று ஆழமாக வெட்டினால் கேரேஜ் நின்றுவிடுகிறது

ஹாஃப் நட் முழுதாக மூடவில்லை. நெம்புகோல் கடைசி வரை இறங்கினாலும் மரைக்குள் சுருள் இறுகியிருந்தால் நட் பாதிப் பல்லில்தான் பிடிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லீட் ஸ்க்ரூவின் மரையில் மண்ணெண்ணெயில் நனைத்த கெட்டி நூலைக் கொடுத்து, ஸ்க்ரூவைக் கையால் சுற்றிச் சுத்தம் செய்யுங்கள். மோட்டார் ஓடும்போது இதைச் செய்தால் நூலோடு விரலும் போகும். சுத்தம் செய்தும் வழுக்கினால் நட்டின் பல் தேய்ந்து கூர்மையாகிவிட்டதா, நட் சறுக்கும் பள்ளத்தின் கிப் (ஆட்டத்தைப் போக்கும் தகடு) தளர்ந்துவிட்டதா என்று ஏப்ரனைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: நீண்ட அலை போன்ற மாற்றம்

பட்டையின் நீளம் கைச்சக்கரத்தின் ஒரு சுற்றுத் தூரத்தோடு ஒத்துவந்தால், சக்கரத்தில் துருத்தி நிற்கும் கைப்பிடியின் எடையைச் சந்தேகியுங்கள். அது இறங்கும்போது கேரேஜை முன்னே தள்ளும். ஏறும்போது பின்னே இழுக்கும். கேரேஜ் மிகத் தளர்வாக ஓடினால், ஹாஃப் நட்டின் ஆட்டத்துக்குள் அது முன்பின் நகர இதுவே போதும். கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை கடைந்தால் உறுதியாகிவிடும். கேரேஜின் கிப்பைச் சிறிது இறுக்கினால் தீர்ந்துவிடும்.

தனி ஃபீட் ராடு உள்ள லேத்துகளில்

பட்டாலா, ராஜ்கோட் பக்கமிருந்து வந்து கைமாறிக் கிடைக்கும் பழைய லேத்துகளில் ஃபீட் ராடு, ஏப்ரனுக்குள் வார்ம் கியர், பிறகு ரேக் பினியன் என்று வழி வேறு. ஃபீட் அவ்வப்போது நின்றால், முதலில் ஏப்ரனின் உராய்வுக் கிளட்ச் குமிழைச் சந்தேகியுங்கள். அதன் கூம்பில் எண்ணெய் ஏறியிருந்தால் இறுக்கியும் வழுக்கும். ராடின் நீளப் பள்ளத்தில் பிசிறு இருந்தால் அதில் ஓடும் சாவி (கீ) அங்கே சிக்கி விடுபடும். மென்மையான அரத்தால் ஒரு முறை இழுத்தால் போதும். இந்த வகையில் பட்டை ரேக் பல்லின் தூரத்தில் வந்தால், பினியன் தேய்ந்ததா, ரேக்கோடு அதன் பிடிப்பு ஆழமாகிவிட்டதா என்று பாருங்கள்.

எதைச் சரிசெய்தாலும், அதே கம்பியில், அதே டூலில், அதே ஃபீடில் மீண்டும் ஒரு முறை கடைந்து மை பூசிப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டைத் திருத்தினால் எது குணமாக்கியது என்று தெரியாது. வாஷரை மாற்றிய அன்று என் சோதனைக் கம்பியில் 15 மி.மீ.க்குப் பத்து என்ற வரிசை மறைந்திருந்தது. ஆனால் 60 மி.மீ. தாண்டி இரண்டே இரண்டு துள்ளல்கள் 3 மி.மீ. சொச்ச இடைவெளியில் மிச்சமிருந்தன. ரேக்குக்கு அடியில் கண்ணாடியைப் பிடித்தேன். பழைய கன்மெட்டல் சுருள் ஒன்று பல்லிடுக்கில் பச்சை பூத்துப் போய் உட்கார்ந்திருந்தது. அதையும் கிளறி எடுத்த பிறகே வல்லக்காரரின் ஷாப்டை மறுபடி சக்கில் பிடித்தேன்.